பெட்டியைப் பிரிக்கும் முன்பே ரிவ்யூ!

புதுப் பொருள் வரப்போவதை மோப்பம் பிடித்து, முதல் ஆளாக எழுதி, லிங்க்கில் கமிஷன் பார்ப்பது இன்று ஒரு முழுநேரத் தொழில். அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

மதியம் 12 மணி. ஒரு செல்போன் நிறுவனத்தின் அறிமுக விழா யூடியூபில் நேரலையாக ஓடுகிறது. மேடையில் இருப்பவர் கேமரா, பேட்டரி எல்லாம் பேசி முடித்து விலைக்கு வருகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் லேப்டாப்பில் ஒரு கட்டுரை ஏற்கெனவே தயார். தலைப்பில் போனின் பெயர், பக்கத்தில் ‘ரிவ்யூ’, அதற்குப் பக்கத்தில் ‘வாங்கலாமா?’. நிறைகள் ஐந்து, குறைகள் இரண்டு. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். விலை வரவேண்டிய இடம் மட்டும் காலி. திரையில் விலை வந்ததும் காலியிடம் நிரம்புகிறது, ‘இங்கே வாங்குங்கள்’ பொத்தானில் லிங்க் ஏறுகிறது, அடுத்த நிமிடம் கட்டுரை இணையத்தில். எழுதியவர் அந்த போனைத் தொட்டதில்லை. முதல் விற்பனைக்கே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஒவ்வொரு அறிமுக நாளிலும் இந்தக் காட்சி பல ஊர்களில், பல மொழிகளில் நடக்கிறது. செல்போன் மட்டுமல்ல, ஏர் ஃப்ரையர், ஸ்மார்ட் வாட்ச், மின்சார ஸ்கூட்டர், குழந்தைக்கான தள்ளுவண்டி, முகத்துக்குத் தடவும் சீரம் என்று எதுவாக இருந்தாலும் இதே கதைதான். தீபாவளித் தள்ளுபடி நெருங்க நெருங்க வேகம் இன்னும் கூடும். ‘ரிவ்யூ பார்த்துட்டுதான் வாங்கினேன்’ என்று சொல்லாத வீடு இன்று குறைவு. அந்த ரிவ்யூ எப்படிப் பிறந்தது என்று கேட்டுப் பார்த்த வீடு அதைவிடக் குறைவு.

ஏன் இந்த அவசரம்?

அமேசான் தன் ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தை 1996-இல் தொடங்கியது. உங்கள் தளத்தில் ஒரு லிங்க் வைக்கிறீர்கள்; அதைத் தட்டி ஒருவர் கடைக்குள் போய் வாங்கினால் உங்களுக்கு ஒரு பங்கு. தட்டியதிலிருந்து 24 மணி நேரம் கணக்கு ஓடும். மிக்ஸி ரிவ்யூ படித்துவிட்டுப் போனவர் மிக்ஸியை விட்டுவிட்டுச் செருப்பு வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் உண்டு. இதை அப்படியே எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க கடைகளும் மென்பொருள் நிறுவனங்களும் திட்டங்கள் தொடங்கின. அதுதான் அஃபிலியேட் வியாபாரம்.

இதில் பிழைப்பது நினைத்த அளவுக்குச் சுலபமில்லை. ‘சிறந்த வாஷிங் மெஷின்’ என்று கூகுளில் தேடினால் முதல் பக்கத்தைப் பெரிய தளங்கள் வருஷக்கணக்கில் பிடித்து வைத்திருக்கின்றன. நேற்று தொடங்கிய சின்னத் தளத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. நாளைக்கு வரப்போகிற பொருளின் பெயருக்கோ போட்டியே இல்லை. அந்தப் பெயரைப் பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தேடுவார்கள். அப்போது பதில் வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். பந்திக்கு முந்துகிறவனுக்கு இலை கிடைக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் முழுக் கணக்கு.

பங்கும் நிலையானதில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் கமிஷனை வெட்டியபோது வீட்டு அறைகலன்களுக்கு 8 சதவீதம் 3 ஆனது; மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. அதே வருமானம் வேண்டுமென்றால் அதிகப் பொருட்களைப் பற்றி அதிகமாக எழுத வேண்டும். ஒரு பொருளோடு ஒரு மாதம் வாழ்ந்து பார்த்து எழுதும் பொறுமைக்கு அந்தக் கணக்கில் இடம் போய்விட்டது.

மோப்பம் பிடிக்கும் இடங்கள்

புதுப் பொருளைத் தேடும் வேலை தன்னளவில் சுவாரசியமானது. நல்ல பத்திரிகையாளனுக்குரிய புலனாய்வுக் குணம் அதில் இருக்கிறது. இந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் எனக்கு இந்தத் தொழிலின்மீது மரியாதைதான்.

செல்போன், சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றை இந்தியாவில் விற்க இந்தியத் தர நிர்ணய அமைப்பில், அதாவது பி.ஐ.எஸ்ஸில், பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு பொதுப் பார்வைக்கு இருக்கிறது. பெயர் இருக்காது, எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் எண் மட்டும் இருக்கும். அதே எண் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் பட்டியலில் வந்திருக்கிறதா, புளூடூத் அமைப்பின் பட்டியலில் எந்தப் பெயரோடு இருக்கிறது என்று ஒப்பிட்டால், நிறுவனம் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன வருகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். எஃப்.சி.சி. ஆவணங்களில் சில சமயம் பொருளைக் கழற்றி எடுத்த உள்படங்களும் பயனர் கையேடும்கூடக் கிடைக்கும். அந்தப் படங்களைச் சில மாதங்கள் மறைத்து வைக்கும்படி நிறுவனங்கள் கேட்டுக்கொள்வதும் அதனால்தான்.

வணிகச் சின்னப் பதிவகம் வாராவாரம் வெளியிடும் இதழ் இன்னொரு சுரங்கம். எந்த நிறுவனம் எந்தப் பெயரை எந்த வகைப் பொருளுக்குக் கேட்டிருக்கிறது என்பது அதில் அச்சாகிவிடும். சமையலறைச் சாமான் செய்யும் நிறுவனம் திடீரென்று மின்விசிறி வகையில் ஒரு பெயரைப் பதிய விண்ணப்பித்தால், அடுத்த கோடைக்கு என்ன வரப்போகிறது என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

பெட்டிச் செய்தி: புதுசு எங்கே முதலில் தெரிகிறது?

▪ ஆன்லைன் கடைகளின் ‘விரைவில்’ பக்கங்கள். ‘நோட்டிஃபை மீ’ பொத்தான் வந்துவிட்டால் அறிமுகம் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.
▪ அமேசானின் ‘ஹாட் நியூ ரிலீசஸ்’ பட்டியல். புதிதாக வந்தவற்றில் எது வேகமாக விற்கிறது என்பது இதில் தெரியும்.
▪ ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சி, அதை அடுத்து பார்சிலோனாவின் மொபைல் மாநாடு, செப்டம்பர் வாக்கில் பெர்லினின் ஐ.எஃப்.ஏ. கண்காட்சி.
▪ 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர், 2013-இல் தொடங்கிய ப்ராடக்ட் ஹன்ட். முதலாவதில் பொருள் தயாராகும் முன்பே பணம் திரட்டுகிறார்கள். இரண்டாவதில் புதுச் செயலிகளும் மென்பொருள்களும் தினமும் வரிசை கட்டுகின்றன.
▪ ‘மஞ்ச்ஐ’ போன்ற அறிமுக நாள்காட்டிகள். இணையத்தில் விற்கும் பயிற்சி வகுப்பு, மென்பொருள் ஆகியவற்றின் வெளியீட்டுத் தேதி, விலை, கமிஷன் எல்லாம் முன்கூட்டியே இருக்கும்.

தேதியைப் பார்த்து எழுதும் கூட்டம்

‘மஞ்ச்ஐ’ போன்ற நாள்காட்டிகளில்தான் விவகாரம் முற்றுகிறது. பயிற்சி வகுப்பையோ மென்பொருளையோ இன்னொரு பிரதி எடுத்து விற்க விற்பனையாளருக்குச் செலவே இல்லை. அதனால் கமிஷன் பாதியைத் தாண்டும். சிலவற்றில் முதல் விற்பனையின் மொத்தப் பணத்தையும் விட்டுக்கொடுப்பார்கள். ரிவ்யூக்காரர்கள் நாள்காட்டியைப் பார்க்கிறார்கள், வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பெயரோடு ‘ரிவ்யூ’ என்று சேர்த்து வீடியோ போடுகிறார்கள். இதற்கு ‘லான்ச் ஜாக்கிங்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மறைவில்லாமல் இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளும் விற்பனையில் இருக்கின்றன. விற்பனையாளரின் விளம்பரப் பக்கத்தில் இருப்பதை வேறு வார்த்தையில் சொன்னால் ரிவ்யூ முடிந்தது. அடுப்பில் ஏற்றாத சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லும் வேலை இது.

‘மோசடியா? உண்மையா?’ என்று தலைப்பு வைப்பது இவர்களின் பழைய உத்தி. பயந்துபோய்த் தேடுகிறவரைப் பிடித்து, ‘உண்மைதான், வாங்குங்கள்’ என்று முடிப்பார்கள். வேலை போனவர்களும், வீட்டிலிருந்தபடி நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களும், கல்லூரி முடித்த பிள்ளைகளும்தான் இத்தகைய ‘சம்பாதிக்கும் வழி’ப் பொருட்களைத் தேடுகிறார்கள். ஏமாற்றத்துக்கு அதிக விலை கொடுப்பவர்கள் அவர்களே. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

முதல் நாளில் எது தெரியும், எது தெரியாது?

சீக்கிரம் எழுதுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. 2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் மடக்கு போனான கேலக்ஸி ஃபோல்டை விற்பனைக்கு முன் சில விமர்சகர்களுக்கு அனுப்பியது. ஓரிரு நாளில் சிலரின் போன்களில் திரை பழுதானது. திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தைச் சிலர் வழக்கமான பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்திருந்தார்கள். உரிக்காதவர்களின் போனிலும் பிரச்சினை வந்தது. உடைந்த திரைகளின் படங்கள் பரவின. ஏப்ரல் 26 என்று குறித்திருந்த விற்பனையை நிறுத்தி, திருத்தம் செய்து, செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். போனைக் கையில் வைத்துப் பார்த்த சிலரால் பல்லாயிரம் பேர் பணம் தப்பியது.

அதே நிறுவனத்தின் நோட் 7 போன் இதற்கு நேர்மாறான பாடம். 2016 ஆகஸ்டில் வந்தபோது அதை மெச்சாத விமர்சகர் அரிது. திரை அழகு, பேனா அருமை, கேமரா பிரமாதம் என்று எழுதினார்கள். எழுதியது பொய்யில்லை, அவர்கள் பார்த்தது அதுதான். பேட்டரி சூடாகித் தீப்பிடிப்பது விற்பனை தொடங்கிய சில நாட்களில் தெரிய ஆரம்பித்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் உற்பத்தியே நின்றது. நேர்மையான விமர்சகரும் ஒரு வாரத்தில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆக, முதல் நாள் ரிவ்யூவுக்கு ஒரு எல்லை உண்டு. வடிவம், திரை, சத்தம், எடை, பயன்படுத்த எளிதா என்பதெல்லாம் தெரியும். பேட்டரி ஒரு வருஷத்தில் எப்படி இளைக்கும், சர்வீஸ் சென்டரில் என்ன மரியாதை கிடைக்கும், உதிரிபாகம் கிடைக்குமா, வாக்குக் கொடுத்த அப்டேட் வந்ததா என்பது தெரியாது. வாங்குகிறவர் தினமும் வாழப்போவது இந்த இரண்டாவது பட்டியலோடு. பொருளைத் தொடாமல் எழுதிய ரிவ்யூவுக்கோ முதல் பட்டியலும் கிடையாது.

2024 ஏப்ரலில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் ‘ஹியூமேன் ஏஐ பின்’ என்ற கருவி 699 டாலருக்கு வந்தது. மாதச் சந்தா 24 டாலர் தனி. அமெரிக்க யூடியூபர் மார்க்கஸ் பிரவுன்லீ பல நாள் பயன்படுத்திப் பார்த்து, தான் இதுவரை ரிவ்யூ செய்ததிலேயே மோசமான பொருள் என்று தலைப்பிட்டே சொன்னார். வளரும் நிறுவனத்தை இப்படிக் காலி செய்யலாமா என்று சிலர் அவர்மீது பாய்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஹெச்.பி. நிறுவனம் ஹியூமேனின் பெரும்பாலான சொத்துகளை 11.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அந்த மாதம் 28-ஆம் தேதியோடு பின்கள் வேலை செய்யாமல் போயின. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பணமும் திரும்பவில்லை. பிரவுன்லீயின் எச்சரிக்கையைக் கேட்டு ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவருடைய பிழைப்பு அந்த ஒரு பொருள் விற்பதை நம்பி இல்லை என்பதும்தான்.

விற்றால்தான் காசு என்ற ஏற்பாட்டில் ‘வாங்காதீர்கள்’ என்று எழுதும் ஒவ்வொரு வரியும் எழுதுகிறவர் பையிலிருந்து போகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்பாடே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்கிறேன்.

கூகுள் களையெடுத்தபோது

இந்தக் குப்பை கூகுளுக்கும் தெரியும். 2021 ஏப்ரலில் தொடங்கி, பொருள் விமர்சனங்களுக்கென்றே தரவரிசை முறையைத் திருத்தியது. சொந்தமாகச் சோதித்ததற்கு ஆதாரம் காட்டுங்கள், படம் எடுங்கள், மற்ற பொருளோடு ஒப்பிடுங்கள் என்றது. 2022 டிசம்பரில், தரத்தை மதிப்பிடும் அளவுகோல்களில் ‘அனுபவம்’ என்பதையும் சேர்த்தது. கேட்க நியாயமாக இருந்தது. நடந்தது வேறு.

காற்றுச் சுத்திகரிப்பான்களைக் காசு கொடுத்து வாங்கி, அறையில் ஓடவிட்டு அளந்து எழுதும் ‘ஹவுஸ்ஃபிரெஷ்’ என்ற சின்னத் தளம் 2024 பிப்ரவரியில் ஒரு நீண்ட குமுறலை வெளியிட்டது. சோதனை செய்ததற்கான அடையாளமே இல்லாத பெரிய பத்திரிகைத் தளங்கள், பெயர் பலத்தில் தங்களுக்கு மேலே நிற்கின்றன என்று படங்களோடு காட்டியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 நவம்பரில், அமெரிக்க விளையாட்டு இதழான ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ தளத்தின் பொருள் விமர்சனங்களில் இருந்த எழுத்தாளர்கள் சிலர் உலகத்திலேயே இல்லாதவர்கள், அவர்களின் முகப் படங்கள் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை என்று ‘ஃபியூச்சரிசம்’ என்ற செய்தித் தளம் அம்பலப்படுத்தியது. வெளி நிறுவனம் ஒன்று கொடுத்த கட்டுரைகள் என்று பதில் வந்தது. பல தலைமுறை சேர்த்த பெயரை வாடகைக்கு விட்டால் இதுதான் நடக்கும். பெரிய தளங்களின் பெயரில் வெளியாட்கள் கட்டுரை ஏற்றும் வழக்கத்துக்கு எதிராக 2024 மே முதல் கூகுள் நடவடிக்கை எடுத்தது.

இதற்கிடையில் தேடலின் மேலேயே பதிலைத் தொகுத்துத் தரும் ஏஐ வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. பொருளை வாங்கி, சோதித்து, எழுதியவரின் பக்கத்துக்குப் போகாமலேயே அவர் கண்டுபிடித்ததை வாசகர் தெரிந்துகொண்டுவிடலாம். லிங்க் தட்டப்படாவிட்டால் அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அடுத்த பொருளை வாங்கிச் சோதிக்க அவரிடம் பணமிருக்காது. பொருளைத் தொடாமல் எழுதுகிறவருக்கு இதில் நஷ்டம் குறைவு; அவர் முதல் போட்டதே இல்லை.

சட்டம் கையில் இருக்கிறது

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் பிரபலங்களுக்கும் சமூக ஊடகக்காரர்களுக்கும் தனிக் கையேடு வந்தது. அதில் இரண்டு விஷயங்களை நம் ரிவ்யூக்காரர்கள் சுவரில் ஒட்டி வைக்கலாம். ஒன்று, தாங்களே பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கக் கூடாது. இரண்டு, பணமோ இலவசப் பொருளோ கமிஷனோ வாங்கினால் அதை எளிதாகக் கண்ணில் படும்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் பத்து நிமிடம் பேசிவிட்டு, விவரக் குறிப்பின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுவது செல்லாது.

பெட்டிச் செய்தி: எண்களில் சட்டம்

▪ தவறான விளம்பரத்துக்கும் பரிந்துரைக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.
▪ பரிந்துரைப்பவருக்கு ஓராண்டு வரை தடை. மீண்டும் நடந்தால் மூன்றாண்டு வரை. சொன்னதைச் சரிபார்க்க உரிய முயற்சி எடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு.
▪ ஆன்லைன் விமர்சனங்களுக்கான ஐ.எஸ். 19000 தரநிலை 2022 நவம்பரில் வந்தது. கட்டாயமில்லை என்பதே அதன் பலவீனம்.
▪ 2022 ஜூலை முதல், ரிவ்யூவுக்கு வந்த பொருளை வைத்துக்கொண்டால் அது வருமானப் பலனாகக் கணக்காகும்; ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம். திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை.
▪ அமெரிக்காவில் போலி விமர்சனங்களுக்கு எதிரான விதி 2024 அக்டோபர் 21 முதல் அமல். அப்போது ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம்.

சட்டப்படி புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ஏமாந்தவர் பெரும்பாலும் பொருளைத்தான் திட்டுகிறார், கடையைத் திட்டுகிறார். வாங்கச் சொன்ன பக்கம் எது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

வாங்கும் முன் செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. ரிவ்யூவில் எழுதியவர் எடுத்த படம் இருக்கிறதா, இல்லை எல்லாமே நிறுவனம் கொடுத்த பளபளப்புப் படங்களா என்று பாருங்கள். அடுத்து, கடைப் பக்கத்தில் பொருள் விவரங்களின் கீழே ‘முதலில் கிடைத்த தேதி’ இருந்தால் அதைப் பாருங்கள். அதற்கு முந்தைய தேதியில் வாடிக்கையாளர் கருத்துகள் இருந்தால், வேறு ஏதோ பழைய பொருளின் நட்சத்திரங்களைப் புதுப் பொருளுக்கு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தத் திருட்டுக்காக அமெரிக்காவில் ஒரு வைட்டமின் நிறுவனம் 2023-இல் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

காத்திருந்தவர்கள் ஜெயித்ததும் உண்டு

2011-இல் பிரையன் லாம் ‘வயர்கட்டர்’ தளத்தைத் தொடங்கியபோது அவர் செய்தது வித்தியாசமான சூதாட்டம். தினமும் பத்துச் செய்தி போடும் தளங்களுக்கு நடுவே, ஒரு வகைப் பொருளுக்கு ஒரே ஒரு நல்ல பதில் என்று மெதுவாக எழுதினார். புதுசா என்பதைவிட நல்லதா என்ற கேள்விக்கு இடம் கொடுத்தார். வருமானம் அதே அஃபிலியேட் லிங்க்தான். 2016-இல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. லிங்க்கில் கமிஷன் இருந்தாலே நேர்மை போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில்.

தமிழில் இதற்கான வாய்ப்பு திறந்தே கிடக்கிறது என்று நினைக்கிறேன். நம் ரிவ்யூக்காரர்களில் பலர் உலகம் முழுக்க ஆயிரம் பேர் பேசும் அதே போனை ஆயிரத்து ஒன்றாவது ஆளாகப் பேசுகிறார்கள். கோவையில் செய்யும் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சாய்க்கும் வகை, மேசை வகை, சின்னக் குடும்பத்துக்கான வகை என்று அங்கே புது மாடல்கள் வருகின்றன. அதே ஊரின் கொடிசியா வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சியில் புதுப் புதுப் பம்புசெட்டுகளும், சொட்டு நீர்க் கருவிகளும், களையெடுக்கும் யந்திரங்களும் நிற்கின்றன. ஒரு விவசாயி ஒரு மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் நல்ல போனின் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். தவறாக வாங்கிவிட்டால் போவது ஒரு பருவத்து வெள்ளாமை. அவருக்காக எழுதியிருப்பது யார்?

அப்படி எழுத வருகிறவர் பி.ஐ.எஸ். பட்டியலைத் துழாவத் தெரிந்தவராக இருந்தால் நல்லதுதான். அந்தத் திறமை இங்கேயும் வேண்டும். பிறகு கிரைண்டரைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கட்டும். முதல் வாரத்தில் ஒன்று எழுதட்டும்: கல்லைத் தூக்கிக் கழுவ வயதான அம்மாவால் முடிகிறதா, உளுந்து எவ்வளவு நேரத்தில் பொங்க அரைபடுகிறது, சத்தத்தில் பக்கத்து அறையில் குழந்தை தூங்குமா. ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில் இன்னொன்று எழுதட்டும்: பெல்ட் தளர்ந்ததா, மாற்ற என்ன விலை கேட்டார்கள், சர்வீஸ் ஆள் சொன்ன நாளில் வந்தாரா. மேலே முதல் வரியிலேயே, ‘இந்த லிங்க்கில் நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்’ என்று தமிழில் போட்டுவிடட்டும். நான் அந்த லிங்க்கைத் தட்டித்தான் வாங்குவேன்.